பின்னணி போதாத குடிகாரன்

முகத்துவாரக்குப்பத்து வேலப்பன் குடித்தால் யாரையும் அடிக்க மாட்டான். மன்னிப்புக் கேட்பான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூலி வாங்கிக்கொண்டு, வழியில் ஏற்ற வேண்டியதை ஏற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே ஆரம்பித்துவிடுவான். முதலில் ஆட்டோக்காரரிடம், அப்புறம் தெருமுனை மின்கம்பத்திடம், பிறகு மணலில் கவிழ்த்துப் போட்டிருக்கும் படகுகளிடம் ஒவ்வொன்றாக நின்று, "தப்பா நெனச்சிக்காத நைனா, மன்னிச்சுக்கோ" என்று கையெடுத்துக் கும்பிடுவான். செய்த தப்பு என்ன என்பது அவனுக்கும் தெரியாது, படகுகளுக்கும் தெரியாது. வீடு வந்து சேரும்போது களைத்துப் போயிருப்பான். "உன்னாண்ட நாளைக்குக் கேட்டுக்கறேன் சிவந்தி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவான். அந்த நாளை ஒரு நாளும் வந்ததில்லை.

திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிற சிவந்தியைப் பார்த்துத் தெருப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். அடிக்காத குடிகாரன் கிடைப்பது அவ்வளவு லேசா? அவர்கள் சொல்லச் சொல்ல சிவந்திக்கே தன் புருஷன் ஏதோ பரிசுச் சீட்டில் விழுந்தவன் போலத்தான் தோன்றியது. பரிசு விழுந்த பணம் மட்டும் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவள் அமைதி கலைந்தது ஐஸால். ஒரு நாள் காலையில், கடலுக்குக் கிளம்ப நின்ற விசைப்படகின் ஐஸ் அறையில் அரைத்த ஐஸைக் கொட்டப் போனவன், உள்ளே யாரோ குறட்டை விடுகிறார்கள் என்று நிறுத்தினான். எட்டிப் பார்த்தால் வேலப்பன், இரண்டு வலைகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தான். இன்னும் ஒரு கூடை கவிழ்ந்திருந்தால் வஞ்சிரத்தோடு சேர்த்து அவனையும் ஏலம் போட்டிருப்பார்கள். எழுப்பியபோது ஐஸ்காரனிடமும் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லிக் காசிமேடே சிரித்தது. சிவந்தி சிரிக்கவில்லை. அன்று மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வைத்தியம் தேடிப் புறப்பட்டாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கமானவர். பொறுமையாகக் கேட்டார், காசு வாங்காமல் மாத்திரை கொடுத்தார். தங்க வைக்கத்தான் படுக்கை இல்லை. மாத்திரையும் கையுமாக வேலப்பனை வீட்டுக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் கடை இருந்தது. மாத்திரை மட்டும் வீடு வந்து சேர்ந்தது, அதுவும் வேறொருவர் சட்டைப் பையில்.

அடுத்து அண்ணா நகரில் ஒரு தனியார் மையம். வாசலில் செயற்கை நீரூற்று. உள்ளே இருந்த பெண் புன்னகை மாறாமல், "டீலக்ஸ் ரூமா, பிரீமியம் ரூமா மேடம்?" என்று கேட்டாள். பிரீமியத்தில் யோகாவும் பெரிய டிவியும் உண்டாம். அவள் சொன்ன தொகையைக் கேட்டு, "இம்மாம் துட்டு கீதுன்னா நானே குடிக்க ஆரம்பிச்சிடுவேன்மா" என்றாள் சிவந்தி. பிறகு காப்பீட்டு அட்டையை நீட்டினாள். அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குடிக்கிறதுக்கு இது எங்ககிட்ட செல்லாது மேடம். ஈரல் கெட்டுப்போனா கொண்டு வாங்க, அப்ப பார்க்கலாம்" என்றாள். அதைச் சொல்லும்போதும் புன்னகை மாறவில்லை.

மார்க்கெட்டில் சிவந்திக்குப் பக்கத்தில் கருவாடு விற்பவள் காத்தூன் பீவி. சிவந்தி புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு, நெத்திலியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எர்ணாவூராண்ட ஒரு பாஸ்டர் வூடு நடத்துறாரு. யோர்தான் கரை விடுதலை இல்லம்னு பேரு. உள்ள வச்சுப் பூட்டிடுவாங்கோ. காசு வாங்க மாட்டாங்கோ."

"வேதத்துல சேத்துடுவாங்களே?"

"சேத்தா இன்னாடி? குடிச்சிட்டுக் கெடக்குற மன்சன் எந்த சாமிக்கு ஆவுறான்? மொதல்ல எழுந்து நிக்கட்டும். அப்பால எந்தப் பக்கம் திரும்பி நிக்கறதுன்னு அவரு பாத்துக்கட்டும்."

சிவந்திக்கு அது நியாயமாகப்பட்டது. போகிற வழியில் எல்லையம்மன் கோயில் வாசலில் நின்று, "இது ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி தாயி, வேற மாதிரி நெனச்சிக்காத" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

யோர்தான் என்று அவர்கள் சொன்னது பக்கிங்காம் கால்வாயை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால், பழைய உதிரி பாகக் கிடங்கொன்றுக்கு வெள்ளையடித்து இல்லமாக்கியிருந்தார்கள். சுவரில் புறா ஒன்று ஒலிவக் கிளையோடு பறந்தது. மணலி ஆலைப் புகையில் புறா காக்கை நிறத்துக்கு வந்திருந்தது.

பாஸ்டர் நெகேமியா கரகரத்த குரல்காரர். ராயபுரத்தில் ஒரு காலத்தில் அவரே நடைபாதையில் கிடந்தவர் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். "பணம் வேண்டாம் சிஸ்டர். கர்த்தர் இலவசமாகக் கொடுத்ததை நாங்கள் விற்பதில்லை. ஒரு விசுவாசி உங்கள் கணவரைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். அதை சிஸ்டர் பெனினா பேசுவார்கள்."

சிஸ்டர் பெனினா கண்ணாடிக்குள்ளிருந்து இரக்கமாகப் பார்க்கிற பெண். தாங்குவதென்றால் என்ன என்பதை விளக்கினாள். வசதியுள்ள விசுவாசிகள் ஆளுக்கொரு குடிகாரரைத் தத்தெடுத்துச் செலவை ஏற்பார்கள். யாரைத் தத்தெடுப்பது என்று தீர்மானிக்க, அவர்களுக்கு அவரவர் பின்னணியைச் சொல்ல வேண்டும்.

"அடிப்பாரா சிஸ்டர்?"

"அதெல்லாம் இல்லமா."

"தாலியை வித்திருக்காரா?"

"இதோ கழுத்துல கீதே."

"வீட்டுச் சாமான் ஏதாவது?"

சிவந்தி யோசித்தாள். "ஒரு தபா குக்கர எடுத்துகினு போனாரு. வித்துட்டாருன்னு நெனச்சு அழுதுகினு குந்தினு இருந்தேன். வாசர் மாத்தி எடுத்தாந்தாரு."

சிஸ்டர் பெனினா பேனாவை மூடினாள். "குடிச்சா என்னதான் பண்ணுவார்?"

"மன்னிப்புக் கேப்பாரு."

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். பின்னணி போதாது." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மன்னிப்புக் கேக்கறவருக்கு யாரு பணம் அனுப்புவாங்க? போன வாரம் ஒரு பிரதர் வந்தார். போலீஸ்காரர் காதைக் கடிச்சவர். அன்னிக்கே மூணு பேர் போட்டி போட்டாங்க. உங்களவர் பேரை எழுதி வைக்கிறேன். யாராவது மனமிரங்கினா கூப்பிடறேன்."

சிவந்தி பல வருஷமாகப் பொருள் விற்பவள். சரக்கு நன்றாக இருந்தும் வாங்குகிறவர் முகம் சுளித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீனின் செவுளைத் தூக்கிக் காட்டுகிற அதே கை வாக்கில் ரவிக்கைக் கையை மேலே இழுத்தாள். முழங்கைக்கு மேல் நீளமாக ஒரு தழும்பு. கூடையில் உயிரோடு கிடந்த திருக்கை மீன் வாலை வீசியதில் முள் கிழித்த தழும்பு அது.

"இத்த சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சுமா," என்றாள். "பாட்டில ஒடச்சு கிழிச்சுட்டாரு."

சிஸ்டர் பெனினாவின் பேனா திறந்தது. அன்று சாயங்காலமே வேலப்பனுக்குப் படுக்கை கிடைத்தது. தத்தெடுத்தவர் மனோகரன் என்ற பெயின்ட் வியாபாரி. பாட்டில் கதையைக் கேட்டுத் தொலைபேசியிலேயே கண்கலங்கினாராம்.

உள்ளே போன சில நாளில் வேலப்பனுக்குக் கை கால் உதறியது. சுவரில் நண்டு ஊர்கிறது என்று அலற ஆரம்பித்தான். பாஸ்டர் தாமதிக்கவில்லை. ஸ்கூட்டரில் அவனை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒரு சமையல்காரரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். "ஜெபம் ஜெபத்தின் வேலையைச் செய்யட்டும், குளுக்கோஸ் குளுக்கோஸின் வேலையைச் செய்யட்டும்" என்று சிவந்தியிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. மறு மாதம் இல்லத்தின் துண்டுப் பிரசுரத்தில் அந்தக் கதை வந்தபோது குளுக்கோஸைக் காணவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்ததால் வேலப்பன் வேலைக்குப் போகவில்லையே என்ற கவலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவந்தி பார்க்கப் போனாள். ஒவ்வொரு தடவையும் அவனிடம் ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. முதலில் பசி வந்தது. அப்புறம் கன்னம் வந்தது. விடியற்காலையில் எழுந்து ஜெபம், பாட்டு, தோட்ட வேலை, வேதவாசிப்பு. பாடும்போது அவன் குரல் எல்லோருக்கும் மேலே கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டான். அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்வது போல வெகு நேரம் திரும்பி நின்றாள். கடைசியாக அவன் அப்படிக் கேட்டது எப்போது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

அந்த மாதக் கடைசியில், திருந்தியவர்கள் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்லும் சாட்சிக் கூட்டம் வந்தது. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். முன்வரிசையில் தாங்குகிறவர்களுக்கு சோபா, பின்னால் தாங்கப்படுகிறவர்களின் குடும்பங்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. சிவந்தி துணைக்குக் காத்தூன் பீவியை அழைத்து வந்திருந்தாள். பிரியாணி உண்டு என்று சொன்னதால் அவள் மறுக்கவில்லை.

காது கடித்தவர் முதலில் பேசினார். நல்ல வரவேற்பு. அடுத்து வெள்ளைச் சட்டையில் வேலப்பன் மேடையேறினான். அவனுக்குப் பேச வராது என்பதால் பாஸ்டர் கேள்வி கேட்டார்.

"பிரதர், உங்கள் மனைவியை நீங்கள் கையோங்கி அடித்தது உண்டா?"

வேலப்பன் விழித்தான். இவ்வளவு பேர் முன்னால், இவ்வளவு பெரிய மனிதர், மைக்கில் கேட்கிறாரென்றால் ஏதோ நடந்திருக்கத்தான் வேண்டும்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா."

"பாட்டிலை உடைத்து, ரத்தம் வருமளவுக்கு?"

"மன்னிச்சுக்கோங்க!"

முன்வரிசையில் மனோகரன் கைக்குட்டையை எடுத்தார். பாஸ்டரின் குரல் தாழ்ந்தது. "உங்களோடு நடுக்கடலில் குடித்த நண்பர் அசோகன். அவர் இன்று எங்கே பிரதர்?"

அசோகன் வேலப்பனோடு ஒரே படகில் போனவன், ஒரே பாட்டிலில் குடித்தவன். வேலப்பன் இல்லத்துக்குள் போனதும் துணையில்லாமல் சலித்து, மங்களூர்ப் பக்கம் மால்பே துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. இல்லத்தில் அவன் பேரைச் சொல்லிப் புலம்பாத நாளில்லை; இப்போதும் வேலப்பன் அழுதுவிட்டான்.

"பூட்டான் ஐயா. என்னாலதான் பூட்டான்."

"கடலிலா பிரதர்?"

"கடலுக்குத்தான் ஐயா."

மண்டபம் ஒரு மூச்சு விட்டு அடங்கியது. யாரோ ஓவென்று அழுதார்கள். கீபோர்டு வாசிக்கிறவர் சோகமான ராகத்துக்கு மாறினார். காணிக்கைப் பைகள் வரிசைக்கு வரிசை போயின. சோபா வரிசையைத் தாண்டும்போதே கனத்துவிட்டன.

காத்தூன் பீவி மெல்லக் குனிந்து, "ஏண்டி, உம் புருசன் கொலைகாரனா?" என்று கேட்டாள். சிவந்தி புடவைத் தலைப்பை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். முதல் பொய்யைச் சொன்னது அவள் வாய்தானே.

இரண்டே நாளில் அது இணையத்தில் வந்தது. வேலப்பனின் அழுத முகம், சிவப்பு அம்புக்குறி, 'நண்பனைக் கடலுக்குக் கொடுத்த கொடூரன்! நடந்தது என்ன?' என்ற எழுத்து. குப்பத்தில் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். அசோகனுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. மால்பேயில் அந்த போன் ஏற்கெனவே கடலுக்குள் விழுந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் தெருமுனையில் ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. உயிரோடு இருந்தபோது அசோகனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காத அவன் அண்ணன், கூலிங் கிளாஸ் போட்ட தன் படத்தைத் தம்பி படத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தான்.

மார்க்கெட்டில் சிவந்திக்கு வேறொரு சோதனை. வீடியோ பார்த்த வாடிக்கையாளர்கள் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் சொன்ன விலையைக் கொடுத்து, அவள் முழங்கையைப் பார்த்து, "பாவம்மா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சண்டை போட்டு விற்றே பழகிய சிவந்திக்கு அது தாங்கவில்லை. "இன்னாம்மா, சங்கராவுக்கு இந்த விலையான்னு கேளேன்! கேட்டாத்தான இன்னா!" என்று ஒரு அம்மாளிடம் கெஞ்சியே பார்த்தாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போனதும் வேலப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு தலையாட்டுவியா? எப்பய்யா நீ என்னை அடிச்ச?"

வேலப்பன் தரையைப் பார்த்தான். "ஐயா கேட்டாரு. நெனப்பில்லாத நாளு எனக்கு எத்தினி கீது. அந்த நாளுங்கள்ள இன்னான்னா செஞ்சேனோ. அந்தத் தழும்ப நான் எத்தினி தபா பாத்துக்கிறேன், எப்டி வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டேனா?"

"அது திருக்கை கிழிச்சதுய்யா!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் நிறைந்திருந்தது. "நீ நல்லவ சிவந்தி. எனக்காவ மறைக்கிற."

இதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. அடிக்காத புருஷனை அடித்தான் என்று ஊர் நம்பினால் போகட்டும். அவனே நம்பிவிட்டானே. குடியை விட்டதும் கையில் தெம்பு வர வேண்டிய மனுஷன், செய்யாத பாவத்தைத் தூக்கிக்கொண்டு கூனிக் குறுகி நிற்கிறானே. இருக்கும் ஒரே வழி, பொய் பரவிய அதே மைக்கில் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மடங்கு ஜனம். 'கொடூரன்' நேரில் பேசுகிறான் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். வேலப்பன் மேடையில் நின்று, "பூட்டான் ஐயா" என்ற இடத்துக்கு வந்தபோது, பின்கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா பூட்டான்?"

அசோகன் நின்றான். அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறான். தெருமுனையில் தன் பேனரைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போய், அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறான். நடு வழியில் நடந்து வந்தவன் மேடைக்கு முன்னால் நின்று ஆடினான்.

"செத்தவன் நானு! நான் கேக்கறேன்! எவன் கொன்னது என்னை? அந்த பேனர்ல எம் போட்டோ இன்னா கலீஜா கீது தெரியுமா? எங்கண்ணன் கண்ணாடி போட்டுகினு சிரிச்சுகினுகீறான்!"

சிஸ்டர் பெனினா மேடை ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேலப்பனோ மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்து, அசோகனைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கோ மாமு" என்று அழுதான். பாஸ்டர் நெகேமியா ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார்.

"மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்! காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்! அல்லேலூயா!"

மண்டபம் இடிந்து விழுகிறாற்போல் எழுந்து நின்றது. கீபோர்டு துள்ளலுக்கு மாறியது. அசோகனுக்கு நாற்காலி போட்டார்கள், விசிறினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தன் சாவுக்கு நியாயம் கேட்க வந்தவனுக்கு இத்தனை மரியாதையைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. அவன் அழுததும் கூட்டமும் அழுதது. மனோகரன் சோபாவிலிருந்து கையை உயர்த்தி, "பாஸ்டர், இவரையும் நானே தாங்குறேன்" என்று அறிவித்தார். குடித்த வாசனை சோபா வரை வந்திருந்தது. பின்னணி எதுவும் விசாரிக்கத் தேவைப்படவில்லை.

இதுதான் சமயமென்று சிவந்தி மேடைக்கு ஓடிப்போய்க் கீழே கிடந்த மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எம் புருசன் என்னை அடிச்சதே இல்ல. இந்தத் தழும்பு திருக்கை மீன் கிழிச்சது. நான்தான் பொய் சொன்னேன். சத்தியமா அடிச்சதே இல்ல."

பாஸ்டர் அவளைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்பே முன்வரிசையில் ஒரு அம்மாள் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"என்ன மனசு பாருங்க! அடிச்சவனை அடிக்கலைன்னு சொல்றாளே! மன்னிக்கிறதுன்னா இதுதான்!"

"ஐயோ, மெய்யாலுமே அடிக்கலம்மா!"

"தாயே! தாயே!" என்றது கூட்டம். அவள் மறுக்க மறுக்க அழுகை பெருகியது. திருக்கை என்று அவள் மூன்றாம் முறை சொன்னபோது, காணிக்கைப் பை போதாமல் சமையற்கட்டிலிருந்து அண்டா கொண்டு வந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும், மண்டபத்துக்குப் பின்னால் அசோகனுக்கு மோர் கொடுத்துத் தெளிய வைத்தார்கள். வேலப்பன் பக்கத்தில் குந்தியிருந்தான். சிவந்தி கடைசி முயற்சியாக, "அசோகா, நீயாவது சொல்லு. இவரு என்னை அடிச்சாரா?" என்றாள்.

அசோகன் சிரித்தான். "யாரு, இவனா? கொசுவ அடிச்சுட்டுக்கூட அதாண்ட மன்னிப்புக் கேப்பான். அந்தத் திருக்கைய வலையிலேர்ந்து எடுத்துப் போட்டதே நான்தான மாமு. நீ அன்னிக்கு மட்டையாயிட்ட. அண்ணிய ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனது நானு, தையல் போட்டத எதுர்ல நின்னு பாத்தது நானு."

வேலப்பன் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அரைப் போதைக்காரன் சொன்னதை நம்பினான். சிவந்தியின் கையைப் பிடித்து, தழும்பின் மேல் விரலை வைத்து, "திருக்கையா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் முதுகு நிமிர்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

மறுநாள் காலை இல்லத்துக்குப் போய் பாஸ்டரின் முன் உட்கார்ந்தாள்.

"தடை முடியப் போவுது. அவர இட்டுகினு போறேன்."

பாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். மேடையில் இல்லாதபோது அவர் சிறிய மனிதராகத் தெரிந்தார். "கூட்டிட்டுப் போங்க. அவர் நல்லாயிட்டார். ஆனா ஒண்ணு பாருங்க சிஸ்டர்," என்று எழுந்து ஜன்னலைத் திறந்தார். பின் வராந்தாவில் பாய் விரித்துச் சில ஆட்கள் படுத்திருந்தார்கள். "அவர் ஒரு மெக்கானிக். அந்தப் பக்கம் இருக்கறவர் ரிட்டயர்டு கிளார்க். சத்தமில்லாம குடிச்சவங்க. யாரையும் கடிக்கலை, எதையும் கொளுத்தலை. இவங்களை யாரும் தத்தெடுக்க மாட்டேங்கறாங்க. உங்க வீட்டுக்காரர் பேர்ல வர்றதிலதான் இவங்க சாப்பிடறாங்க."

"அதுக்காவ பொய்யா சொல்றது?"

"உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், ஆரம்பத்துல. அரிசி வரலை." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்க மட்டும் என்ன சிஸ்டர், உண்மையைச் சொல்லியா படுக்கை வாங்கினீங்க?"

சிவந்திக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே அந்த மெக்கானிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்து, நடுங்குகிற கையோடு தன் பாயைச் சுருட்டி, பக்கத்திலிருந்தவர் பாயையும் சேர்த்துச் சுருட்டினான்.

"இவங்களுக்குக் கவுச்சி எப்ப போடுறீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு முட்டை."

"முட்டைல இன்னா கீது? வாராவாரம் வெள்ளிக்கியம நான் மீன் அனுப்பறேன். கவலை மீனோ காரப்பொடி மீனோ, அன்னிக்கு வர்றது. எம் புருசன் துன்ன சோத்துக்கு அதான் கூலி. அவரு பேருல இனி ஒரு பைசா வாங்கக்கூடாது. அந்தப் படத்தையும் எடுத்துடணும்."

பாஸ்டர் சம்மதித்தார். வீடியோவை அன்றே எடுத்துவிட்டார். அதற்குள் யாரோ முகம் தெரியாத ஒருவர் அதைப் பிரதியெடுத்துப் பின்னணி இசை சேர்த்துப் போட்டிருந்தார் என்பது வேறு விஷயம். வேலப்பன் போகிறான் என்று கேட்டு மனோகரனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இப்பதானே சூடு பிடிச்சது" என்றாராம். சிஸ்டர் பெனினா அசோகனின் மறுபிறப்பை எடுத்துச் சொல்லி அவரைத் தேற்றினாள். வெள்ளிக்கிழமை மீனையும் அவள் விடவில்லை. மீன் கூடையோடு சிவந்தியை நிறுத்திப் படம் எடுக்கலாமா என்று கேட்டனுப்பினாள். அந்த வாரம் மீன் மட்டும் வந்தது, சிவந்தி வரவில்லை.

வேலப்பன் கடலுக்குப் போனான். ஒருமுறை சறுக்கினான். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்து, மின்கம்பத்தைத் தாண்டி நேராக அவளிடம் வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். மறுநாளே இல்லத்துக்குப் போய் ஒரு வாரம் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் தொடவில்லை.

ஆனால் குடிக்காத மனிதனுக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டு என்பதை இருவருமே மறந்துபோயிருந்தார்கள். கூலி வாங்கி நேரே வந்துவிட்டால் தூங்கும் வரை அத்தனை பொழுது மீதி இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மார்க்கெட்டுக்கு வந்து சிவந்தியின் பக்கத்தில் குந்திக்கொண்டான். செதில் சீவித் தருகிறேன் என்று மீனின் சதையையும் சேர்த்துச் சீவினான். வாடிக்கையாளர்கள் பேரம் பேசினால், "பாவம், அவங்க கேக்கறதுக்கே குடுத்துடேன்" என்றான். காத்தூன் பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வழி நெடுகப் பேசினான். வீட்டிலும் பேசினான். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினான்.

ஒரு புதன்கிழமை சிவந்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

"யோவ், எர்ணாவூருல இன்னிக்குப் பாட்டு கீதாமே?"

"கீது. புதுசா வந்தவங்களுக்கு. நீ ஒண்டியா கஷ்டப்படுவியேன்னுதான் போவல."

"போய்ட்டு வா. வராந்தால கீறவங்களாண்ட ஒக்காந்து பேசு. ஒன்னியும் அவசரமில்ல."

வேலப்பன் சந்தோஷமாக எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனான். சிவந்தி கால்களை நீட்டி உட்கார்ந்தாள். எதிரில் ஒரு அம்மாள் வந்து நின்று மூக்கைச் சுளித்து, "இன்னா, வவ்வால் இந்த விலை சொல்ற? அநியாயமா இருக்கே!" என்றாள்.

"வாம்மா, வா," என்றாள் சிவந்தி, இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு. "நல்லாக் கேளு."